கிலுகிலுப்பையில் ஒரு புலி விட்டில்

பகலிற் பறப்பது வண்ணத்துப்பூச்சி, இரவில் விளக்கை நாடி வருவது விட்டில் என்று பல்லாண்டு வகுப்பில் உரைத்து வந்தேன். ஒட்டுசுட்டானில் ஒருநாள் நண்பகல், மாணவன் ஒருவன் நெருப்புப்பெட்டியொன்றில் ஒரு சிறு பூச்சியை அடைத்து வந்து, "ஐயா, இது எந்த வகை?" என்றான். முத்தையன்கட்டு வாய்க்காலோரத்துக் கிலுகிலுப்பையில், நல்ல வெய்யிலிற் பறக்கையிற் பிடித்தானாம். வெண்ணிற முன்சிறகிற் செம்புள்ளிகளும் அவற்றிடையே கரும்புள்ளிகளும் வரிசையாய்ப் பொலிந்தன. பின்சிறகும் வெள்ளையே, ஓரத்திற் கறுப்புக் கரை. உணர்கொம்போ வண்ணத்துப்பூச்சியினதுபோல் நுனி தடித்திராது, நூல்போன்றிருந்தது. ஆகவே அது விட்டிலே. பிழைத்தது என் பாடம்.

இதன் பெயர் உத்தெதைசா புல்கெல்லா. 1758இல் இலின்னேயஸ் இட்ட 'புல்கெல்லா' என்னும் இலத்தீன் சொல் 'அழகிய சிறியது' எனப் பொருள்படும். விரித்த சிறகு 3 முதல் 4 சதமமீற்றர் வரை அளவினது. ஆங்கிலேயர் இக்குலத்தைப் புலி விட்டில் என்பர். ஆர்க்டியினே என்னும் அறிவியற் பெயரோ கரடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. சிறகைக் கண்டோர் புலி என்றனர், மயிர் செறிந்த புழுவைக் கண்டோர் கரடி என்றனர் போலும்.

பறவைகள் விழித்திருக்கும் பகலில் இஃது அஞ்சாது திரிவது எங்ஙனம்? கிலுகிலுப்பையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. அது கால்நடைக்குத் தீது. இவ்விட்டிலின் புழுவோ இலையையும் பூவையும் பிஞ்சு விதையையும் தின்று, அந்நஞ்சைத் தன் உடலிற் சேர்த்துவைக்கின்றது. சிறகு முளைத்த பின்னரும் அது நீங்குவதில்லை. செம்புள்ளிகள் அணியல்ல, எச்சரிக்கை. அமெரிக்காவில் வாழும் இதன் உறவினம் ஒன்றை ஆராய்ந்த தோமஸ் ஐஸ்னர், வலையில் வீழ்ந்த விட்டிலைச் சிலந்தி தானே நூலறுத்து விடுவிப்பதைக் கண்டார். அவ்வினத்தில் ஆண் தன் நஞ்சிற் பங்கைக் கூடலின்போது பெண்ணுக்கு அளிக்க, பெண் அதனை முட்டைகளுக்கும் ஊட்டுகின்றது. ஆண் சீதனம் கொடுக்கும் குலம் உலகில் உளது என்பதை நம் பழைய மாணவர் கவனிப்பாராக!

உணவுச் செடி உள்ள இடமே இதன் நாடு. ஆபிரிக்கா, தென்னைரோப்பா, மேற்காசியா, இந்தியா, இலங்கை எங்கும் இது காணப்படும்; வடக்கே இங்கிலாந்துக்கும் சிற்சில ஆண்டுகளில் வலசை செல்லும். அவுஸ்திரேலியாவில் வாழ்வதும் இதுவே என முன்னர் எண்ணினர். அதனை ஒத்த வேறோர் இனத்தை 1907இல் ஹம்சன் பிரித்துப் பெயரிட்டார். நம் தீவிலும் லோட்றிக்ஸ் என்னும் ஒத்த இனம் ஒன்று உளதாதலின், புள்ளியை மட்டும் கண்டு பெயர் கூறிவிடலாகாது. வயலிற் பசளைக்காக விதைக்கும் சணலும் கிலுகிலுப்பை இனமே; அங்கும் இதன் புழுவைக் காணலாம். குளம் வற்றுங்காலத்தில் அடிநிலத்திற் படரும் தேட்கொடுக்கையும் இப்புழு விடுவதில்லை.