நெல் விற்ற வீட்டில் அரிசி வாங்கும் மாதம்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தேன். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. விவசாய பீடம் கிடைத்திருக்கிறது. விவசாயப் பொருளியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து, கிராமத்து உணவுக் கொள்கையில் வேலை செய்ய விருப்பம். "வயல் கணக்குப் பார்க்கப் பட்டம் எதுக்கு?" என்கிறார் மாமா. அப்பா கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் செய்கிறார். இந்தத் துறையில் உண்மையில் என்ன வேலை? எங்கே கிடைக்கும்?
- ஒரு மாணவி, தம்பலகாமம்

பதில்: அன்புள்ள மகள்,

மாமாவுக்கு உங்கள் ஊர் நெல்லை வைத்தே பதில் சொல்லலாம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வெட்டு மெசின் காசு, பசளைக் கடன், அடைவு வைத்த நகை எல்லாம் ஒரே கிழமையில் வாசலுக்கு வந்து நிற்கும். நெல் சந்தைப்படுத்தல் சபையின் விலை கிடைக்க வேண்டுமானால் நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காயவிடக் களமும், அடுக்கி வைக்க இடமும், காத்திருக்க நாளும் இல்லாதவர் ஈர நெல்லை வயற்கரையிலேயே வியாபாரியின் லொறிக்கு ஏற்றிவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த விதைப்பு நடக்கும்போது அதே வீடு கடையில் கிலோக் கணக்கில் அரிசி வாங்கும். நெல் விலை ஏறினால் அந்த வீட்டுக்கு லாபமா, நட்டமா? விற்ற நெல்லும் வாங்கிய அரிசியும் எவ்வளவு என்று தெரியாமல் எந்த அமைச்சராலும் சொல்ல முடியாது. அதைத் தேடி எடுத்துச் சொல்வதுதான் இந்தத் தொழில்.

பட்டம் முடித்த புதிதில் செய்கைச் செலவுப் படிவத்தோடு மூதூர்ப் பக்கம் போனேன். விதை, பசளை, உழவு, கூலி எல்லாம் கேட்டு எழுதிப் படிவத்தை மடித்தபோது, அதுவரை பேசாமல் நின்ற அந்த வீட்டு அம்மா கேட்டார்: "நான் பிடுங்கின புல்லு உங்கட கடதாசியில எங்க தம்பி கிடக்கு?" குடும்ப உழைப்புக்கு ஒரு நிரல் இருந்தது. பொழுதுபட்டுவிட்டதென்று நான்தான் தாண்டிப் போயிருந்தேன். மறுநாள் காலை திரும்பப் போய்த் திண்ணையில் இருந்து, அவருடைய நாட்களையும் மகன்மாரின் நாட்களையும் எண்ணினோம். முதல் நாள் லாபம் காட்டிய இரண்டு ஏக்கர் நட்டத்துக்கு இறங்கியது. விவசாயத் திணைக்களத்தின் சமூகப் பொருளாதார மற்றும் திட்டமிடல் நிலையம் வெளியிடும் செய்கைச் செலவு அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள்: குடும்ப உழைப்பைச் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு. அந்த இரண்டு எண்களையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் கைதான் கண்ணுக்கு வரும்.

அரிசிக் கணக்கு இந்த நாட்டில் ஆட்சியையே அசைத்தது. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது; ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால்; ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979இல் கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சடித்திருந்தது ரூபாய். விலை ஏற ஏற, அதே முத்திரைக்குக் கிடைத்த அரிசி சுருங்கியது. இலங்கைப் பொருளியலாளர் நெவில் எதிரிசிங்க சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவகத்துக்காக 1987இல் எழுதிய ஆய்வு, மிக ஏழைக் குடும்பங்களின் கலோரி அந்த ஆண்டுகளில் குறைந்ததை வீட்டுக் கணக்கெடுப்புகளைக் கொண்டே காட்டியது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது அந்த ஆய்வை மறுபடி எடுத்து வாசித்தேன். அன்று முத்திரைக்கு நடந்தது சமுர்த்திக் காசுக்கும் நடந்துகொண்டிருந்தது. அஸ்வெசும உதவித் தொகையை நிர்ணயிப்பவர்கள் மேசையிலும் அந்த ஆய்வு இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தம்பலகாமத்து வயலிலிருந்து சீனக்குடா அதிக தூரமில்லை. அங்கே பிறீமா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது. மா மலிந்தால் சனம் பாணுக்கும் ரொட்டிக்கும் போகும். மா ஏறினால் அரிசிக்குத் திரும்பும். உங்கள் அப்பாவின் நெல் விலை துறைமுகத்தோடும் கட்டுண்டு கிடக்கிறது. இதைக் கொழும்பில் இருந்து படிப்பவர் புத்தகத்தில் படிப்பார். நீங்கள் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம்.

இனிப் படிப்பு. பேராதனை, வந்தாறுமூலை, கிளிநொச்சி, எந்தப் பீடம் கிடைத்தாலும் விவசாயப் பொருளியல் துறை உண்டு. புள்ளிவிபரவியலுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். வேலைக்கு, ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம், விவசாயத் திணைக்களம், மத்திய வங்கி, திட்டமிடல் சேவைப் போட்டிப் பரீட்சை, உலக உணவுத் திட்டம் ஆகியவை வாசல்கள். பட்டம் முடிந்த மறுநாளே நிரந்தர வேலை என்று ஆசை காட்ட மாட்டேன்; ஒப்பந்த ஆய்வுகளில் சில வருடம் ஓடும். சிங்களம் கட்டாயம் படியுங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் கமக்காரர் இரண்டு மொழியிலும் பேசுகிறார்கள். ஒரு மொழியில் மட்டும் கேட்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

வளாகம் தொடங்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கத்தில் வீட்டிலிருந்து போகும் நெல். மறுபக்கத்தில் கடையிலிருந்து வரும் அரிசி, மா, பாண், திகதியோடும் விலையோடும். அப்பாவின் வேலை நாளோடு அம்மாவின் நாளையும் எழுதுங்கள். "அதெல்லாம் ஒரு வேலையா?" என்பார் அம்மா, விடாதீர்கள். புல் பிடுங்கிய நாள், களத்தில் காவல் இருந்த இரவு, அறுவடை ஆட்களுக்குச் சமைத்த நாள். ஒரு போகம் முடிந்ததும் கொப்பியை மாமாவிடம் கொடுத்து, இரண்டு பக்கத்தையும் அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.