கேசட்டுக்குள் உறங்கும் விளையாட்டுகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அச்சேறாத நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் அவர்களை நாம் யாவரும் அறிவோம். 1887-ல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்திராவிட்டால் அந்நூல் நமக்கு எந்நிலையில் கிடைத்திருக்குமோ! சுவடிக்குச் செல்லரிப்பும் ஈரமும் பகை. நான் இக்கட்டுரையில் சொல்லப்போகும் பொருளுக்குப் பகை சூரிய வெளிச்சம். பொருளோ, விளையாட்டுப் பிள்ளைகள் டி.வி. பெட்டியில் செருகி ஆடிய கேசட்டு. "இதிலென்ன ஆராய்ச்சி?" என்று நகைக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தாய்மாமா மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையில் டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் டி.வி. கேம்களும் அக்கடைக்கு வரத் தொடங்கின. நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் இயந்திரம், நம் நாட்டில் 'சாமுராய்' என்ற பெயரில் உரிமம் பெற்று விற்கப்பட்டது. ஆனால் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நடுத்தர வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் அதன் நகல்களே. '9999 இன் 1' என்று மேலட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே மாறி மாறி வரும். எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்களும் உண்டு என்பார் மாமா. படம் வராவிட்டால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மீண்டும் செருகுவார்கள். அப்படியும் வராதவை மாமாவின் மேசைக்கு வரும். திரும்ப வாங்க வராதவை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேரும்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. எனக்கு அப்போது வயது பத்து. கடையில் இடுப்பளவு நீர். வடிந்தபின் அள்ளிய பொருள்களை எல்லாம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காயவைத்தோம். அந்த டப்பாவைச் சுத்தம் செய்யும் பொறுப்பு எனக்கு. உள்ளே கேசட்டுகளிலிருந்து கழற்றிய சிப்புகள் பன்னிரண்டு இருந்தன. சிலவற்றின் முதுகில் வட்டமான கண்ணாடிச் சன்னல். அதன்மேல் ஊறிப்போன காகித ஸ்டிக்கர். அழுக்கு என்று எண்ணி, நகத்தால் சுரண்டி எடுத்தேன். சன்னல் பளபளத்தது. மாமா பார்த்தால் மெச்சுவார் என்று வரிசையாக அடுக்கி வைத்தேன். பொங்கல் வரை அவை மாடியிலேயே கிடந்தன.

சென்ற ஆண்டு நம் துறை ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு அக்காக்கள் 8085 நுண்செயலிப் பலகையில் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். அப்பலகையிலும் அதேபோன்றதொரு சிப், அதேபோன்ற ஸ்டிக்கர். ஓரம் சற்றே பெயர்ந்திருந்தது. என் விரல் அங்கே போயிற்று. "அதை எடுக்காதேம்மா, உள்ளே இருக்கிறது எல்லாம் போய்விடும்" என்றார் ஆய்வக உதவியாளர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது இபிராம் எனப்படும் அழித்தெழுதும் நினைவகம். இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்பார் 1971-ல் உருவாக்கியது. இதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சிறு டிரான்சிஸ்டர். அதன் மிதக்கும் வாயிலில் எலெக்ட்ரான்களை அடைத்துவைத்தால் 0, அடைக்காவிடில் 1. சுற்றிலும் சிலிக்கன் ஆக்சைடு என்னும் மதில். மின்சாரத்தை நிறுத்தினாலும் எலெக்ட்ரான்கள் பல்லாண்டுகள் வெளியேறா. வெளியேற்ற வேண்டுமாயின் 2537 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைச் சன்னல் வழியே 15 முதல் 20 நிமிடம் பாய்ச்சுவார்கள். நாம் பாடத்தில் படித்த கணக்கைப் போட்டுப் பார்த்தால் அக்கதிரின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 4.9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். மதிலைத் தாண்ட அது போதும். சிவப்பு ஒளி ஆண்டுக்கணக்கில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஐன்ஸ்டைனின் ஒளிமின் விளைவுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? நேரடிச் சூரிய ஒளியில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், அறைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டிலும் அழிந்துபோகலாம் என்று தயாரிப்பாளர்களின் கையேடே எச்சரிக்கிறது. நான் பொங்கல் வரை வெயிலில் வைத்திருந்தேன்.

இந்தச் சிப்புக்கும் வெளிவராத விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்பதை இனிக் காண்போம். கடைக்கு வரும் அசல் கேசட்டில் இருப்பது, தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட அழியாத ரோம். அதற்கு அச்சு வார்க்கச் செலவு அதிகம்; ஆகவே ஆட்டம் முழுமையடையும் முன் வார்க்க மாட்டார்கள். சோதித்துப் பார்ப்பவருக்கும் பத்திரிகை விமரிசகருக்கும் இபிராமில் எழுதிய மாதிரிக் கேசட்டையே அனுப்புவார்கள். நிறுவனம் மனம் மாறி அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டால், உலகில் மிஞ்சுவது யாரோ ஒருவர் மேசை இழுப்பறையில் உள்ள அந்த ஒரு கேசட்டே. அதுவும் எலெக்ட்ரான் மெல்லக் கசியும் கேசட்டு.

இத்தகையவற்றைத் தேடுவோர் உலகெங்கும் உளர். அவர்கள் கண்டெடுத்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 'மதர்' என்ற ஆட்டத்தின் கதை. 1989-ல் ஜப்பானில் வந்த அதற்கு 1990-ல் ஆங்கில மொழிபெயர்ப்பு முடிந்தது, ஆனால் வெளியிடவில்லை. 1998-ல் ஒரு மாதிரிக் கேசட்டு வெளிப்பட, ஆர்வலர்கள் பணம் திரட்டி அதன் உள்ளடக்கத்தைப் படியெடுத்தனர். உடனே, "இது அசலன்று, யாரோ செய்த போலி" என்று ஒரு சாரார் வாதிட்டனர். வேறு பிரதிகளும் பின்னர் கிடைத்தன. இறுதியில் 2015-ல் நிண்டெண்டோவே அதனை வெளியிட, வாதம் ஓய்ந்தது. 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' 1995-ல் முடிந்தும், புதிய தலைமுறை இயந்திரங்கள் வந்துவிட்டமையால் முடக்கப்பட்டு, 22 ஆண்டு கழித்து 2017-ல் வந்தது. 'சிம் சிட்டி'யின் பழைய நிண்டெண்டோ வடிவத்தை அமெரிக்காவிலுள்ள வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் 2018-ல் மீட்டு வெளியிட்டது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கிறிஸ் ஓபர்த் என்ற நிரலாளர் 2012-ல் காலமானார். அவர் எழுதி வெளிவராத 'டேஸ் ஆஃப் தண்டர்' ஆட்டத்துக்கு ஓடக்கூடிய கேசட்டே கிடைக்கவில்லை; அவர் விட்டுச்சென்ற ஃப்ளாப்பித் தட்டுகள்தாம் கிடைத்தன. அவற்றிலிருந்த மூல நிரலை ஒன்றுசேர்த்து 2020-ல் அதே நிறுவனத்தார் ஆட்டத்தை ஓடவைத்தனர். குடும்பத்தாரின் இசைவுடன் நிரலையும் வெளியிட்டனர்.

எல்லோரும் இப்படிப் பெருந்தன்மையாக இருப்பதில்லை. நிண்டெண்டோவும் சோனியும் கூட்டாகச் செய்து கைவிட்ட பிளேஸ்டேஷன் மாதிரி இயந்திரம் ஒன்று 2020-ல் 3,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. விலை இப்படி ஏறினால் பூட்டிவைப்போரும் போலி செய்வோரும் பெருகத்தானே செய்வர்? பிறருக்கு உரிமையுள்ள ஆட்டத்தைப் படியெடுப்பது சரியா என்ற சட்டச் சிக்கலும் உண்டு. அதே வேளையில், அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களிலேயே 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று மேற்படி நிறுவனம் 2023-ல் ஆய்ந்து கூறியது. வெளிவந்தவற்றின் கதியே இதுவானால், வெளிவராதவற்றை யார் காப்பது? படியெடுத்து வைப்பதே முறை என்பது என் கட்சி.

மாமாவின் பன்னிரண்டு சிப்புகளுக்கு வருவோம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் இபிராம் படிக்கும் கருவி இருந்தது. சிப் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். அப்பா பம்மல் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். என் கல்லூரிப் படிப்பே எங்கள் குடும்பத்தில் முதல் படிப்பு. விளையாட்டுச் சிப்புக்கு 600 ரூபாய் கேட்க எனக்கு நா எழவில்லை. பஸ் காசில் மிச்சம் பிடித்த 100 ரூபாயுடன், ஒரே கேசட்டிலிருந்து வந்த ஜோடி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மின்ரயில் ஏறினேன்.

ஃபேமிலி கம்ப்யூட்டரின் கேசட்டில் பெரும்பாலும் இரண்டு நினைவகங்கள் இருக்கும்: ஒன்று நிரலுக்கு, மற்றொன்று படங்களுக்கு. என் ஜோடியில் நிரல் சிப் 32,768 பைட்டு, படச் சிப் 8,192 பைட்டு. பெரியதன் ஸ்டிக்கரை நான் சுரண்டியிருந்தேன். சிறியதில் ஒட்டியிருந்தது அலுமினியத் தாள். நகத்துக்குப் பிடிபடாததால் தப்பியது.

கடைக்காரர் பெரியதை முதலில் படித்தார். திரை முழுவதும் எஃப் எஃப், எஃப் எஃப். இபிராமில் எல்லாப் பிட்டும் 1 ஆனால் அப்படித்தான் தெரியும். நிரலின் கடைசி ஆறு பைட்டுகளைப் பார்த்தாலே படியெடுத்தது சரியா என்று அறியலாம். ஆட்டம் எங்கே தொடங்க வேண்டும் என்ற முகவரி அங்கேதான் இருக்கும். அங்கும் எஃப் எஃப். "காலிம்மா, ஏதாச்சும் எழுதித் தரட்டுமா?" என்றார் அவர். விவரம் தெரியாமல் கேட்டாலும் அக்கேள்வி என்னைச் சுட்டது.

சிறியதில் எண்கள் இருந்தன! வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கைபேசியில் எண்களைப் பார்த்து கிராஃப் நோட்டில் வரைந்தேன். ஒவ்வொரு படத்துண்டும் எட்டுக்கு எட்டுக் கட்டம்; அதற்குப் 16 பைட்டுகள். முதல் எட்டு ஒரு படலம், அடுத்த எட்டு மற்றொரு படலம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கட்டத்துக்கு நான்கு நிறம் கிடைக்கும். மொத்தம் 512 துண்டுகள். மூன்றாம் நாள் இரவு ஒரு தொப்பியும் மீசையும் உருவாயின. தங்கை எட்டிப் பார்த்து, "இது மாரியோடி" என்றாள்.

ஆம், 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். ஆயினும் ஆர்வலர்கள் தொகுத்துள்ள பட்டியலில் உள்ள சரிபார்ப்பு எண்ணுடன் என் பிரதியின் எண் பொருந்தவில்லை. ஒரு மாலைப் பொழுது முழுவதும் நான் உ.வே.சா. ஆகிவிட்டேன். உலகறியாத வடிவம் ஒன்று முடிச்சூர் சாலையில் கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட்டபோது பாடபேதம் பதின்மூன்றே இடங்களில் இருந்தது. அத்தனையும் சிப்பின் கடைசி 320 பைட்டுகளுக்குள். அந்த ஆட்டத்தின் தலைப்புத் திரை எவ்வாறு அமையவேண்டும் என்ற குறிப்பு, வழக்கத்துக்கு மாறாகப் படச் சிப்பின் கோடியில்தான் வைக்கப்பட்டுள்ளது. அதில் எழுத்துகளுக்கு எண்கள் உண்டு: ஏ என்பது 10, என் என்பது 23, வெற்றிடம் 36. காப்புரிமைக் குறி, 1985 என்ற ஆண்டு, நிண்டெண்டோ என்ற பெயர் ஆகியவை இருக்கவேண்டிய இடத்தில் 36, 36, 36 என்றே இருந்தது. நகல் செய்தவர் உரிமையாளர் பெயரைத் துடைத்திருக்கிறார். அவ்வளவே. மாதிரிக் கேசட்டும் அன்று, வெளிவராத ஆட்டமும் அன்று.

இதை மாமாவிடம் சொன்னேன். வெயிலில் வைத்ததையும் சொன்னேன். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. "அது ரிச்சி தெருவுல என் சிநேகிதன் போட்டுக் குடுத்ததும்மா. மூணு உயிருக்குப் பதிலா பத்து உயிர் வச்சிருக்கேன்னு சொன்னான். நானும் ஆடிப் பார்த்தேன்" என்றார். மாரியோவின் உயிர் எண்ணிக்கை நிரல் சிப்பில் இருப்பது. பத்தாக மாற்றியது உண்மையானால், தாம்பரத்து டப்பாவில் ஒரு தமிழ்நாட்டுக் கை திருத்திய ஆட்டம் ஒன்று இருந்தது என்றாகிறது. நாம் கேட்க அந்தச் சிநேகிதர் இன்று இல்லை. சிப்பிலோ 32,768 முறை எஃப் எஃப். நோட்டில் அதனை "செவிவழிச் செய்தி: மாமா, நேரில் ஆடியவர்" என்று குறித்து, நாளும் எழுதி வைத்திருக்கிறேன். மெய்ப்பிக்கப்பட்டது என்ற பத்தியில் எழுத இடமில்லை.

மீதி பத்துச் சிப்புகளில் நான்குக்கு ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. அவற்றின்மேல் கறுப்பு டேப் ஒட்டி, எண்ணிட்டு, டப்பாவை அலமாரியின் உட்புறம் வைத்துள்ளேன். அடுத்த உதவித்தொகை வந்ததும் அந்த நான்கையும் முதலில் படிக்கவேண்டும். மூன்றாவதன் டேப்புக்கு அடியில் யாரோ பேனாவால் 'டெஸ்ட்' என்று எழுதியிருக்கிறார்கள்.