அத்திப்பழ அடையும் ஒரு ராஜாவின் ஜெபமும்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 20:1-19



வார்டில் நோயாளியின் படுக்கையருகே நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதா, இன்னும் சில நாள் ஜெபித்துப் பார்ப்பதா? தேவசித்தம் எதுவென்று எப்படி அறிவது?" இப்படித் தவிக்கும் குடும்பம் உங்கள் சபையிலும் இருக்கக்கூடும். எசேக்கியா ராஜாவின் வியாதிப்படுக்கை நமக்குக் கற்பிப்பது என்ன என்று பார்ப்போம்.

1. பாரத்தை அப்படியே இறக்கிவைத்தான்

எசேக்கியா 25 வயதில் ராஜாவாகி 29 வருஷம் அரசாண்டான் (18:2). அதில் கடைசி 15 வருஷம் வியாதிக்குப்பின் கூட்டிக்கொடுக்கப்பட்டது. ஆகவே நோயில் விழுந்தபோது அவனுக்கு ஏறக்குறைய 39 வயது. அசீரியரின் பயமுறுத்தல் ஒருபுறம். அவனுக்குப்பின் ராஜாவான மனாசே 12 வயதில் பட்டத்துக்கு வந்தவன் (21:1). கணக்கிட்டால் அந்நாளில் அவன் பிறக்கவே இல்லை. இந்த வேளையில்தான், வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்படியும் பிழைக்கமாட்டான் என்றும் ஏசாயா வந்து அறிவித்தார்.

எசேக்கியா சுவர்ப்புறமாய்த் திரும்பி ஜெபித்தான், மிகவும் அழுதான். கர்த்தருக்குமுன் தான் நடந்த விதத்தை நினைத்தருளும்படி வேண்டினான். இத்தனை வருஷம் வேண்டுமென்றோ, இந்த வழியாய்ச் சுகம் வேண்டுமென்றோ அவன் ஜெபத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வழியைத் தேவனுடைய கையில் விட்டுவிட்டான்.

2. பதிலோடு மருந்தும் வந்தது

ஏசாயா பாதிமுற்றத்தைத் தாண்டுமுன்னே பதில் வந்தது. சுகமாவான் என்ற வாக்குத்தத்தத்தைச் சொன்ன அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைக் கட்டியின்மேல் பற்றுப்போட்டார்கள், ராஜா பிழைத்தான். அந்தக் காலத்து ஜனங்கள் அத்திப்பழ அடையை மருந்தாக அறிந்திருந்தார்கள். எசேக்கியாவுக்கு வெகுகாலம் முந்திய உகாரித் பட்டணத்தின் களிமண் ஏடுகளிலே குதிரை வைத்தியத்துக்கும் அது சொல்லப்பட்டிருக்கிறது.

ஆகவே ஜெபிப்பதா, வைத்தியம் செய்வதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. வைத்தியத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்து, கட்டி முற்றியபின் வந்துசேருகிறவர்களைப் பார்க்கும்போது எங்கள் மனம் நோகிறது. அவர்களுடைய விசுவாசத்தில் நாங்கள் குறை காணவில்லை. பதில் எந்த வாசல் வழியாய் வரும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றுதான் வருந்துகிறோம்.

3. பதில் வேறாக வந்தால்?

ஜெபித்த எல்லாருக்கும் 15 வருஷம் கிடைக்கவில்லை. பவுல் தன் முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. கிருபை கிடைத்தது (2 கொரிந்தியர் 12:7-9). துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாகவே மிலேத்துவில் விட்டுவர வேண்டியதாயிற்று (2 தீமோத்தேயு 4:20). சுகம் கிடைக்காத வீட்டாரை "உங்கள் ஜெபம் போதவில்லை" என்று ஒருவரும் புண்படுத்தாதிருப்போமாக.

4. சுகமான பிறகும் ஜெபம் தேவை

சுகமான எசேக்கியா, பாபிலோனிலிருந்து வந்த ஸ்தானாபதிகளுக்குத் தன் பொக்கிஷங்களையெல்லாம் காட்டினான். அப்படிச் செய்யுமுன் கர்த்தரிடத்தில் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. மரணப்படுக்கையில் கர்த்தரைத் தேடியவன் நல்ல நாளில் தேட மறந்தான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும் நாளிலும் நமக்கு வழிநடத்துதல் வேண்டும்.

நெருக்கத்தில் இருப்போர்க்கு

• நோய் என்ன, சிகிச்சை என்ன, அதில் ஆபத்து என்ன என்று டாக்டரிடம் தெளிவாய்க் கேளுங்கள். அதையே ஜெபத்தில் கர்த்தருக்கு முன் வையுங்கள்.

• எத்தனை நாள் பொறுக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் ஜெபித்து முடிவெடுங்கள். உடனே செய்யவேண்டும் என்றால், போகிற வழியிலேயே ஜெபிக்கலாம்.

• தனியே தவிக்காதிருங்கள். போதகரையோ விசுவாசியான ஒரு நண்பரையோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்பானவர்களே, இன்று இரவும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். உங்கள் காணிக்கையினால் அவருக்குச் சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் குடும்ப ஜெபத்தில், பெயர் தெரியாவிட்டாலும், அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெளிந்த மனதும், டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஞானமும் உண்டாக வேண்டுமென்று மன்றாடுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்து வழிநடத்துவாராக. ஆமென்.