தடங்கலில்லாமல் வாசித்தாள், ஆனால்...

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவியை எழுப்பி, ஆடு வளர்ப்பு பற்றிய பத்தி ஒன்றை வாசிக்கச் சொன்னேன். தடங்கலே இல்லை. ஆய்வுக்கு வருபவர்கள் முன் நாம் வாசிக்கச் சொல்வது இவளைப் போன்றவர்களைத்தான். "என்னம்மா சொல்லியிருக்கு?" என்றேன். பேசாமல் நின்றாள்.

அடுத்தவன் எழுத்துக்கூட்டி வாசிப்பவன். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயரை எழுதியவளே நான்தான். மழைக்காலத்தில் ஆடுகளைத் தாமதமாக ஓட்டிச் செல்வார்கள் என்ற வரியைத் திக்கித் திணறி முடித்துவிட்டு, "ஈரப் புல்லை மேய்ஞ்சா வயிறு ஊதிக்கும் டீச்சர், அதான்" என்றான். பத்தியில் காரணம் சொல்லப்படவே இல்லை. அவன் வீட்டில் ஆடுகள் உண்டு.

வாசித்துப் புரிதலை ஒரு பெருக்கலாக விளக்கியவர்கள் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் (1986). எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இவற்றில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான். குறை எதில் என்று அறிய, மறுநாள் அதே பத்தியை நானே வாசித்துக் காட்டினேன். அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. 'கிடை' என்ற சொல்லையே அவள் கேட்டதில்லை. இன்னும் பத்து முறை வாசிக்க வைத்திருந்தாலும் பயனில்லை.

1988இல் ரெக்ட், லெஸ்லி என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதியைக் கொடுத்தனர். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் அறிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் அறியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்துச் சொன்னார்கள். சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை மனம் தன் அனுபவத்தைக் கொண்டே நிரப்புகிறது.

அந்த அனுபவம் முன்கூட்டியே விழித்திருக்கவும் வேண்டும். பிரான்ஸ்ஃபோர்ட், ஜான்சன் இருவரும் 1972இல் துணி துவைப்பதைப் பற்றிய பத்தி ஒன்றைத் தலைப்புச் சொல்லாமல் வாசித்துக் காட்டினர். கேட்டவர்கள் குழம்பினர். தலைப்பை முடிவில் சொன்னதால் பயன் இல்லை. முதலிலேயே சொன்னபோதுதான் புரிந்தது. நானோ இத்தனை ஆண்டுகளாகப் பாடம் முடிந்த பிறகே அருஞ்சொற்பொருளை எழுதிப் போட்டிருக்கிறேன்!

இப்போது புத்தகம் திறக்கும் முன் ஐந்து நிமிடம் பேச்சு. கிடை போடுவதை அவனே விளக்கினான். "ஆட்டை ஏன் வயல்ல அடைக்கணும்?" என்று அவள் கேட்டாள். "எருவுக்கு" என்றான். அவனுக்கு எழுத்துப் பயிற்சி தனியே நடக்கிறது. பட்டியலில் 'மெல்லக் கற்போர்' என்பதை அடித்து, 'எழுத்துப் பயிற்சி தேவை' என்று திருத்தியிருக்கிறேன்.