அமெச்சூர் வானொலியாளர் குடியிருக்க ஏற்ற இடம்

பொருளீட்டும் நோக்கமின்றித் தேர்வில் தேறி, மத்திய அரசின் உரிமம் பெற்று, தமது வீட்டிலிருந்தே வானொலி வழியாகச் செய்தி அனுப்பியும் பெற்றும் வருவோர் அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவர். இவர்களால் ஊருக்கு ஆவது என்ன என்று சிலர் வினவக்கூடும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபொழுது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இவ்வானொலி வழியாகவே மக்களின் நலச் செய்தியை வெளியுலகுக்கு அறிவித்தனர். ஆதலின், இத்தகையோர் ஒருவர் நம் ஊரில் குடியேற விரும்பினால், எவ்விடம் ஏற்றது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் அறிந்திருத்தல் நன்று.

மேலூரை அடுத்த திருவாதவூரைச் சான்றாகக் கொள்வோம்.

முதலாவது, இரைச்சலின்மை. நகரங்களில் நெருங்கிய மின்கம்பிகளும் மின்கருவிகளும் எழுப்பும் இரைச்சல், தொலைவிலிருந்து வரும் மெல்லிய ஒலியை அமுக்கிவிடும். சிற்றூரிலும் டிரான்ஸ்பார்மர், பம்புசெட் மோட்டார், தரங்குறைந்த எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றின் அருகே இத்தொல்லை உண்டு. பாட்டரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டியை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, மனையைச் சுற்றி நடந்து பார்க்கலாம். மோட்டார் ஓடும் பகலிலும் விளக்கெரியும் மாலையிலும் இதனைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, இடவசதி. 7.1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு உரிய எளிய ஏரியல் ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள கம்பியாகும். அதனை இரு தென்னை மரங்களுக்கு இடையே கட்டலாம். நகரத்து நெருக்கமான வீடுகளில் இதற்கு இடம் கிடைப்பது அரிது.

மூன்றாவது, நிலத்தின் இயல்பு. நெடுந்தொலைவு செல்லும் சிற்றலைகள் வானத்து அயனிமண்டலத்தில் திரும்பி வருவதால், அவற்றிற்குக் குன்று பெருந்தடையாகாது. செங்குத்தான ஏரியல் நடுவோர்க்குப் பாறை நிலத்தைவிட ஈரமான வயல் நிலமே நன்று. ஆனால் 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற மிகு அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. சமவெளியில் 10 மீட்டர் உயரத்தில் ஏரியல் உடைய இரு நிலையங்கள் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். இடையே யானைமலை போன்ற பாறை நின்றால் தொடர்பு தளரும்.

உயரம் வேண்டுமென்று கண்மாய்க்கரையையோ புறம்போக்கையோ பிடித்தல் ஆகாது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ள குன்றிலும் கம்பம் நடலாகாது. சொந்த மனையே போதுமானது.

பாதுகாப்பை எவரும் மறத்தல் கூடாது. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாதவாறு, கம்பத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவேனும் விட்டு நடுதல் வேண்டும். வெட்டவெளியில் தனித்து நிற்கும் கம்பம் இடியை ஈர்க்கும். ஆதலின் தரையிணைப்புக் கொடுப்பதும், இடிமழைக்கு முன்பே ஏரியலைக் கருவியிலிருந்து கழற்றிவிடுவதும் இன்றியமையாதவை.

இத்தகைய ஒருவர் நம் ஊரில் இருப்பின், அவர் பெயரையும் வீட்டையும் ஊராட்சி குறித்து வைத்துக்கொள்க. பள்ளி மாணவர்க்கு அவர் கருவியைக் காட்டச் செய்க. 12 வயது நிரம்பியோர் இத்தேர்வை எழுதலாம். கம்பிகள் அறுந்து, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்த புயல் இரவொன்றில், அவ்வீட்டு வாயிலை நாம் தட்ட நேரலாம்.