எச்-இண்டெக்ஸ் குறைவா?

மகள் மரபியலில் பிஎச்.டி. முடித்திருக்கிறாள். எச்-இண்டெக்ஸ் 4தான், தோழிக்கு 11. வேலை கிடைக்குமா? – ஒரு தாய், திருச்சி

தாராளமாகக் கிடைக்கும் அம்மா. 4 என்றால், மகளின் நான்கு கட்டுரைகள் தலா நான்கு முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. தொடக்கத்துக்கு அது நல்ல எண். மரபியலில் ஒரே ஜீனோம் கட்டுரையில் நூற்றுக்கணக்கானோர் பெயர் இருக்கலாம். மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். அதனால் தோழியோடு ஒப்பிட வேண்டாம். மேற்கோள் குறைவு என்பதால் ஆய்வு மட்டம் என்றும் ஆகிவிடாது: மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின் 1866ஆம் ஆண்டுப் பட்டாணிக் கட்டுரையையே 1900 வரை ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை!

விண்ணப்பத்தில் சிறந்த இரண்டு கட்டுரைகளை முன்னால் வைத்து, ஒவ்வொன்றிலும் தான் செய்த சோதனை எது, அதைப் பிறர் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று நாலு வரி எழுதட்டும். முதல் ஆசிரியர் என்றால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பெயர்க் குழப்பம் வராமலிருக்க ஆய்வாளர்களுக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண்ணும் வாங்கிவிடட்டும், இலவசம்தான்.