எந்தப் பழைய வண்டி?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்ட வேண்டும் என்ற அபிலாஷை கொண்ட மதுரை இளைஞர்கள், கையிலுள்ள சொற்பப் பணத்தை எண்ணி முடித்த மறுகணமே, புல்லட்டா, யெஸ்டியா, ஆர்.எக்ஸ். நூறா என்ற விவாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து தினந்தோறும் நகரத்துக்கு வேலைக்கு வந்து போகிறவருக்கும், ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயில் வரை ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும் என்றிருப்பவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது என்பது அந்த உற்சாகத்தில் மறந்துபோகிறது.

1985-ஆம் ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் துணையோடு வெளியிட்டு, 1996-ல் நிறுத்திவிட்ட ஆர்.எக்ஸ். நூறு, 98 சி.சி. இன்ஜினில் 11 குதிரைச் சக்தியைத் தந்து விருட்டென்று பாய்ந்து சென்றது வாஸ்தவந்தான். ஆனால் அதன் சப்தத்துக்கு மயங்கியவர் கூட்டம் பெருகப் பெருக, ஒன்றின் சேஸில் இன்னொன்றின் இன்ஜினை மாட்டி, பளபளவென்று பெயிண்ட் அடித்து விற்கும் வியாபாரமும் கூடவே வளர்ந்துவிட்டது. சிறு முதலோடு வருகிறவர் இந்த வண்டியைத் தவிர்ப்பதே விவேகம். டூ-ஸ்ட்ரோக் மோகம் தணியாதவர், மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குழுமத்தார் ஓசூரில் 1984 முதல் தயாரித்த இண்ட்-சுசுகியைத் தேடிப் பார்க்கலாம். அதற்குப் போட்டி குறைவு, விலையும் மட்டு. வெளிச் சாமான்கள் கிடைப்பது துர்லபமாகையால், மீட்டர், பேனல் எதுவும் குறையாத வண்டியாகப் பார்க்க வேண்டும்.

மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1996 வரை உற்பத்தி செய்த 250 சி.சி. யெஸ்டியின் விஷயம் வேறு. உதைத்துக் கிளப்பும் லீவரே கியர் லீவருமாக அமைந்த அந்த விசித்திர யந்திரம், உள்ளே சிக்கல் குறைந்தது. பெட்ரோலில் ஆயிலை அளந்து கலப்பதற்குச் சோம்பாதவரிடம் நெடுங்காலம் உழைக்கக்கூடியது. எனினும் 2022-ல் அதே பெயரில் மறுபிறவி எடுத்த புது வண்டியின் பாகங்கள் இதற்குச் சேரா. இதன் கிராங்க்கைப் பிரித்துச் சமன்செய்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளோ முதியவர்களாகிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பட்டறை உங்கள் ஊருக்கு அருகில் இருந்து, அன்றாடப் பிரயாணத்துக்கு வேறு வாகனமும் இருந்தால், தாராளமாக யெஸ்டியை வாங்கலாம்.

சென்னையில் 1955 முதல் வேர்கொண்ட புல்லட்டுக்கு உதிரிபாகக் கவலை கிடையாது; வாங்கிய விலையும் எளிதில் கரையாது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் ஆயில் கசிவதைச் சகித்துக்கொள்ள வேண்டும். வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் அமைந்திருப்பதால், மற்ற வண்டிகளில் பழகியவர் அவசரத்தில் கால் மாறி மிதித்து ஆபத்தில் சிக்கக்கூடும். ஆகவே சில வாரம் காலி மைதானத்தில் பழகிய பிறகே கீழவாசல் நெரிசலில் இறங்குவது க்ஷேமம்.

மேற்சொன்ன எதற்கும் வாய்க்காத சௌகரியம், எவரும் ஆசைப்பட்டுக் கேட்காத ஹீரோ ஹோண்டா சி.டி. நூறுக்கு உண்டு. 1985-ல் வெளிவந்த இந்த 97.2 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினின் வம்சமே பின்னர் ஸ்ப்ளெண்டராகப் பெருகியதால், திருமங்கலத்திலும் மேலூரிலும் எந்தப் பட்டறையிலும் கை பழகிய வேலை இது. தினசரி ஓட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்; அழகைப் பற்றி வாதிக்க வருகிறவர்களிடம் பெட்ரோல் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

வண்டி எதுவாயினும் ஆர்.சி.யைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாகாது. பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டிய பதிவு நடப்பில் இருக்கிறதா, சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா, கடன் பாக்கி ஏதும் குறிக்கப்பட்டுள்ளதா என்று சோதிப்பது அவசியம். பழைய ஆர்.சி. புத்தகத்தின் விவரம் அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஏறியிராவிட்டால், அதை ஏற்றுவிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை விற்பவர் தலையிலேயே வைப்பது நல்லது. 2025-ல் திருத்திய விதிப்படி இருபது ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ. 2,000, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஏலத்தில் மலிவாக எடுக்கும் வண்டியை மீண்டும் பதிவுசெய்ய இயலுமா, அல்லது இரும்புக் கணக்கில் விற்கப்பட்டதா என்பதை முன்கூட்டியே விசாரித்தறியுங்கள்.

விலை பேசப் போகும்போது, நீங்கள் வரும்வரை இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும். சூடான இன்ஜின் தன் குறைகளை மறைத்துவிடும். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். வாங்கிய பின் முதற்செலவு டயருக்கும் பிரேக்குக்கும், அடுத்தது அணிலும் எலியும் கடித்த வயரிங்குக்கும், அதன் பின்னரே இன்ஜினுக்கும் செய்யப்படவேண்டும்; பெயிண்ட்டும் குரோமும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும். தற்காலப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பரை இளக்கக்கூடியதாகையால், பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அதைத் தாங்கும் புதியவற்றால் மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாயின் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும்.